அட்டிற் புகையும் காலதரும்

நாட்டு வரலாற்றை அரசியல், போர், வாணிகம், சமயம் எனக் கூறுபடுத்தி ஆராயும் அறிஞர், மனையகத்து வாழ்வின் வரலாற்றைப் பெரும்பாலும் இலக்கியச்சுவை நுகர்வார்க்கே விட்டுவிடுகின்றனர். உண்கலம், அணிகலம், ஆடை முதலியன பற்றிய கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. ஆயினும் நாள்தோறும் தீ மூட்டப்பெற்ற அறை எத்தகையது, அத்தீக்கு வேண்டிய காற்று எவ்வழிப் புகுந்தது, அதனின்று எழுந்த புகை எவ்வழி வெளியேறிற்று என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்பெறவில்லை. விறகும் வைக்கோலும் கரியும் எரியும் அறைக்குக் காற்றுவழி அமைத்தல், கட்டடக் கலைஞர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. அவ்வறையில் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தோரின் உயிர்ப்பொருள். ஆதலின் பழந்தமிழ் நூல்களில் கிடைக்கும் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

தீயும் காற்றும்

சான்றுகளுட் புகுமுன் அடிப்படை ஒன்றைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். மூடிய அறையில் எரியும் தீக்கு இருவழிகள் இன்றியமையாதன. ஒன்று, தாழ்ந்த இடத்தில் புதுக்காற்றுப் புகும் வழி. மற்றொன்று, உயர்ந்த இடத்தில் வெப்பக்காற்றும் புகையும் வெளியேறும் வழி. வெப்பமுற்ற காற்று எடை குறைந்து மேலெழும். அது வெளியேறுந்தோறும் கீழிருந்து புதுக்காற்று உட்புகும். இவ்விரண்டனுள் ஒன்று அடைபடினும் மற்றொன்றின் பயன் குன்றும். கூரையில் துளை இருந்தும் கதவும் சாளரமும் முற்ற அடைபட்ட அறையில் புகை தயங்கி நிற்பதும், சாளரம் திறந்திருந்தும் கூரையருகே வழியில்லாத அறையில் மேற்புறம் முழுதும் கரிபடிவதும் இதனாலேயாம்.

தீயினால் வரும் கேடும் இருவகைத்து. விறகும் வைக்கோலும் எருவும் எரியுங்கால் கண்ணைக் கரிக்கும் புகையும் நுண்துகளும் மிகும். அவை மூச்சுக்குழலையும் நுரையீரலையும் நாளடைவில் நலியச் செய்யும். கரியோ புகையின்றித் தணலாய்க் கிடக்கும். ஆயினும் போதிய காற்றுப் பெறாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வளியை மிகுதியாக வெளிவிடும். அவ்வளிக்கு நிறமில்லை; மணமுமில்லை. குருதியிலுள்ள செந்நிறப்பொருளை உயிர்வளியினும் 200 மடங்கிற்கு மேற்பட்ட பற்றுடன் அது பிணித்துக்கொள்ளும். புகை தன் வரவைக் கண்ணுக்கும் மூக்குக்கும் அறிவித்து வருவது. இவ்வளி அறிவியாது வருவது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு நூற்சான்றுகளை நோக்குவாம்.

காலதர் என்னும் சொல்

சாளரத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் 'காலதர்' தலையாயது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. எனவே காலதர் காற்றின் வழி எனப் பொருள்படும். ஒளி புகுதல், புறத்தே நோக்குதல் ஆகிய பயன்களை விடுத்துக் காற்றியக்கம் ஒன்றையே முதன்மைப்படுத்தி இப்பெயர் அமைந்தமை கருதற்பாலது. சாளரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'விண்டோ' என்பதும், வடவைரோப்பியப் பழமொழியாகிய நார்சு மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்ததே என்பர் மொழிநூலார். தொடர்பற்ற இருநாட்டாரும் சுவரிலே துளையிட்டபோது முதற்கண் கருதியது காற்றையே என்பது இதனாற் பெறப்படும்.

சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்து மாளிகைகள் மானின் கண்போலும் காலதர்களையுடையன என இளங்கோவடிகள் கூறுகின்றார். மனையறம்படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் எழுநிலை மாடத்து இடைநிலத்தே அமர்ந்திருக்க, அழகிய சாளரத்தின் குறிய கண்களினூடே வண்டொடு தென்றல் புகுகின்றது. அத்தென்றலால் மகிழ்ந்த அவர்கள் பின்னர் மேனிலத்து நிலாமுற்றத்தை அடைகின்றனர். காற்றின் திசை, அது புகும் வழி, அவ்வழியின் வடிவு, புகுந்த காற்றை நுகர்வோர் இருக்கும் தளம் ஆகிய யாவும் புலவரால் குறிக்கப்பெறுகின்றன. மனையில் காற்றுவழி அமைக்கும் அறிவு தமிழகத்தில் செவ்விதின் வளர்ந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நக்கீரனார் பாடிய நெடுநல்வாடையும் இதனை வலியுறுத்தும். அரண்மனை அமைத்த காலத்து நூல்வல்ல தச்சர் நண்பகலில் நிழல்கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து, மனை வகுத்த செய்தியை அப்பாட்டுக் கூறுகின்றது. திசையும் அளவும் நோக்கி மனை வகுத்த கலைஞர்க்குக் காற்றின் இயல்பு தெரியாதிருந்தது எனல் பொருந்தாது. ஆதலின் எழுப்புதற்குரிய வினா, தமிழர்க்குக் காற்றுவழி அமைக்கத் தெரியுமா என்பதன்று; அவ்வறிவு மனையின் எப்பகுதிக்குப் பயன்பட்டது என்பதேயாம்.

கூதிர்க்காலத்து அடைத்த அறை

நெடுநல்வாடை கூதிர்ப்பருவத்து நகரமனைகளைக் காட்டுகின்றது. வேனிலில் தென்றலைக் கொணரும் சாளரங்களின் கதவுகள் அப்பருவத்தில் தாழிடப்பெற்றுக் கிடக்கின்றன. விசிறி பயனின்றித் தூங்குகின்றது. மகளிர் கூந்தலுக்கு அகிலும் அயிரும் புகைக்கின்றனர். குறுகிய வாயையுடைய கலத்து நீரை எவரும் பருகாது, அகன்ற வாயையுடைய நெருப்புச்சட்டியில் செந்தணலின் வெம்மையை நுகர்கின்றனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும் மதுரை மாடங்களில் கூதிர்க்காலத்தே சாளரங்களின் குறுங்கண்களை அடைத்தலைக் கூறுகின்றது.

இப்பகுதியைப் பருவ வருணனையெனப் பாராட்டி அமைதல் வழக்கம். அறைக்காற்றின் நோக்கில் படிப்பின், சாளரம் அடைத்தலும் நெருப்புச்சட்டி வைத்தலும் ஒருங்கே நிகழ்தல் நம் கருத்தை ஈர்க்கும். வாடைக்கு அஞ்சிக் காற்றின் வழியை அடைத்தோர் காற்றை உண்ணும் தீயை அகத்தே வைத்தனர். சட்டியில் உள்ளது செந்தணல். அது கண்ணைக் கரிப்பதன்று. ஆகவே அச்சம் விளைப்பதும் அன்று. அம்மனைகளில் வாழ்ந்தோர்க்கு இதனால் தீங்கு நேர்ந்தது என்று பாட்டுக் கூறவில்லை. நாமும் கூறுதல் பொருந்தாது. மரக்கதவும் மரச்சாளரமும் இடுக்கின்றிப் பொருந்துவன அல்ல. உயர்ந்த மாடங்களின் அகலமும் மிகுதி. அவ்விடுக்கும் அகலமுமே அவர்களைக் காத்திருத்தல் கூடும். இக்காலத்துக் குளிர்மலை நகர்களில், கண்ணாடியும் இரும்பும் கொண்டு இடுக்கின்றி அடைக்கப்பெற்ற சிற்றறைகளில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியோர் மீண்டும் எழாமற் போன செய்திகளை நாளிதழ்களில் காண்கின்றோம். வழக்கம் பழையது, அறை புதியது. பழைய வழக்கத்திற்குப் பழைய அறை தந்த காப்பைப் புதிய அறை தருவதில்லை.

அட்டிலின் மூன்று சான்றுகள்

இனி, மனையின் மற்றொரு பகுதியாகிய அட்டிலை நோக்குவாம். அடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் சமைக்கும் இடத்தைக் குறிக்கும். அட்டிற் புகையைப் பற்றிய செய்தி மூன்றிடங்களில் தெளிவாகக் கிடைக்கின்றது.

முதலாவது, குறுந்தொகை 167ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடிய இதில், புதுமணம் பெற்ற தலைவி முற்றிய தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையிலே துடைத்துக்கொண்டு, தாளிதப்புகை மையுண்ட கண்களில் நிறைய, தானே துழாவிச் சமைக்கின்றாள். கணவன் இனிதென உண்கின்றான். அவள் முகம் நுண்ணிதின் மகிழ்கின்றது. தலைவியின் இல்வாழ்க்கையைக் கண்டுவந்த செவிலித்தாய் நற்றாய்க்கு இதனை உரைக்கின்றாள்.

இரண்டாவது, நற்றிணை 120ஆம் பாட்டு. மாங்குடி கிழார் பாடியது. தூண்தோறும் எருமைக்கன்று கட்டிய வளமனை அது. தலைவி வாளைமீனை அரிந்து சமைக்கின்றாள், புகையுண்ட கண்ணினள், நெற்றியில் அரும்பிய வியர்வையை ஆடைத் தலைப்பால் துடைக்கின்றாள். ஊடல் கொண்ட அவள் விருந்தினரை முன்னிட்டேனும் முறுவல் காட்டுவாளா என எதிர்நோக்கி, விருந்தொடு புகுந்த தலைவன் இதனைக் கூறுகின்றான்.

மூன்றாவது, சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை. மாதரி அளித்த சிற்றிலில் கண்ணகி கோவலனுக்கு உணவு சமைக்கின்றாள். காய்களை அரிந்து விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது, கண் சிவக்கின்றது. ஐயை எரி மூட்டுகின்றாள். வைக்கோலில் மூட்டிய எரி எனப் பொருள் கொள்ளுதலும் உண்டு. அட்டிலோ கரிபடிந்த புறத்தையுடையது. புகை என்னும் சொல் ஆண்டு இல்லை. ஆயினும் கரிபடிந்த புறம், மூட்டிய எரி, சிவந்த கண் ஆகிய மூன்றும் சேர்ந்து அதனைப் புலப்படுத்துகின்றன. சுவரும் கூரையும் கரிபடிதல் ஒருநாளில் நிகழ்வதன்று. நெடுங்காலம் புகை அங்கே தேங்கிநின்றமைக்கு அஃது அழியாச் சான்று.

இம்மூன்றும் மூவேறு சூழலில் எழுந்தவை. ஒன்று புதுமனை, ஒன்று ஆனிரை செறிந்த வளமனை, ஒன்று ஆயர்சேரியின் சிற்றில். செல்வமும் எளிமையும் வேறுபட்டும் கண்ணிற் புகை வேறுபடவில்லை. எனவே புகை தேங்குதல் வறுமையின் விளைவு மட்டும் அன்று. அட்டில் அமைப்பின் பொதுவியல்பு என்று கொள்ள இடனுண்டு.

இவற்றிடையே பிறிதோர் ஒற்றுமையும் உண்டு. முதற்பாட்டிற் பேசுபவள் செவிலி. இரண்டாம் பாட்டிற் பேசுபவன் தலைவன். மூன்றாவதிற் கூறுபவர் காப்பியப் புலவர். மூவரும் புகையுண்ட கண்ணைக் கண்டவர். புகையை உண்டவர் அல்லர். சமைத்தவள் தன் கண்ணைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ இம்மூன்றிடத்தும் ஒரு சொல்லும் கூறவில்லை. காண்பார்க்கு அக்கண் அன்பின் அடையாளமாயிற்று, இல்லறத்தின் அழகாயிற்று, ஊடலிடைத் தோன்றும் எழிலாயிற்று, அவலத்திற்கு முன்னறிவிப்பாயிற்று. புலவர்கள் உண்மையை மறைத்தாரல்லர். கரித்த கண்ணையும் வியர்த்த நெற்றியையும் கரிந்த புறத்தையும் உள்ளவாறே பதிந்துவைத்தனர். அப்பதிவைச் சுவைப்பொருளாக மட்டும் கொண்டு, வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாது போதல் நம் படிப்பின் குறையேயாம்.

சிலப்பதிகாரம் ஒன்றனுள்ளேயே இருவேறு அறைகளைக் கண்ணகி காண்கின்றாள். புகாரில் அவள் இருந்த தளத்தில் சாளரத்தின் வழியே தென்றல் புகுந்தது. மதுரையின் புறஞ்சேரியில் அவள் சமைத்த அட்டிலின் புறம் கரிபடிந்திருந்தது. முன்னதன் காற்றுவழிக்குப் பெயருண்டு, வடிவுண்டு, பாராட்டுண்டு. பின்னதன் புகைவழி பற்றிய பேச்சே எழவில்லை. காலதரும் சாளரமும் குறுங்கண்ணும் ஈண்டுக் காட்டிய பகுதிகள் எல்லாவற்றினும் மாடத்தோடும் மாளிகையோடுமே சார்த்தப்பெற்றன, அட்டிலோடு சார்த்தப்பெறவில்லை. மனைநூல் அறிவு ஓய்வறையில் நின்றது. உழைப்பறையை எய்தவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

புகை வளத்தின் குறியானமை

அட்டிற் புகையைக் குறையெனக் கருதாமைக்குக் காரணம் யாது? அதனையும் இலக்கியமே காட்டுகின்றது. புறநானூறு 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் கூறுங்கால், சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்ததைக் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படையிலும் பொலிவிழந்த அட்டிலில் அண்மையில் ஈன்ற நாய் கிடக்கின்றது. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்துள்ளது. குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணி, வாயிற்கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றனர். புகை எழாத அட்டில் பசியுற்ற அட்டில் என்பதே அக்காலத்தார் கருத்து. 'அடுப்பிற் பூனை உறங்குகிறது' என்னும் பேச்சுவழக்கு இக்கருத்து இன்றுவரை தொடர்வதற்குச் சான்று. கூரையின்மேல் புகை எழக்கண்டால் அம்மனையில் உணவுண்டு என வழிப்போக்கனும் பாணனும் அறிந்தனர். புகை வளத்தின் கொடியாக விளங்கிய நாளில் அதனை நோயின் வித்து என எண்ண எவர்க்கும் தோன்றாமை வியப்பன்று.

பயன்நோக்கும் ஒன்று உண்டு. ஓலையும் புல்லும் வேய்ந்த கூரையைப் பூச்சி அரியாமற் காப்பதில் புகைக்குப் பங்குண்டு. அடுப்பின் மேற்பரணில் விதைக்கதிரும் விறகும் உலர வைத்தல் சிற்றூர்களில் நெடுநாள் வழக்கம். புகையை முற்றும் வெளியேற்றின் இப்பயன்கள் கெடும். எனவே கூரையும் விதையும் காக்கப்பெற்றன. அவற்றின்கீழ் இருந்தவளின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலையாயின.

மனையமைப்பும் அடுப்பமைப்பும்

இவ்வாறு கூறுவதால் பழைய மனையில் புகைக்கு வழியே இல்லை எனக் கருதற்க. இலக்கியம் கூறாத சில வழிகளை வழக்காறு காட்டுகின்றது. நாட்டு ஓடும் ஓலையும் வேய்ந்த கூரை இடுக்குடையது. புகை மெல்ல மெல்ல அதனூடே கசியும். நடுமுற்றம் உடைய வீடுகளில் முற்றமே பெருங்காலதராய் அமைந்தது. செட்டிநாட்டு மனைகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனக் கடந்து பின்கட்டில் சமையற்பகுதி அமைந்தமை, புகையை உறைவிடத்தினின்றும் விலக்கும் ஏற்பாடாகவும் பயன்பட்டது. ஆயினும் அதனால் நன்மை பெற்றோர் முன்கட்டில் இருந்தோர். பின்கட்டில் சமைத்தோர்க்கு அடுப்பின் அண்மை குறையவில்லை. கோயில்களில் மடைப்பள்ளியைத் தென்கிழக்கு மூலையில் தனித்து அமைத்தலும் இத்தகையதே. வேனிலில் முற்றத்தில் அடுப்பு வைத்தலும், பொங்கல் நாளில் வாயில்முன் வெளியிடத்தே புதுப்பானை ஏற்றுதலும் புகைத்துன்பம் இல்லாத சமையலுக்கு எடுத்துக்காட்டாவன. மழைக்காலத்தில் அவ்வாய்ப்பு இல்லை. கதவடைத்த அட்டிலும் ஈரவிறகும் சேர்ந்து துன்பத்தை மிகுவித்தன.

அடுப்பின் அமைப்பிலும் நுண்ணறிவு இல்லாமலில்லை. தலையடுப்பின் பக்கத்தே ஒரு துளைவழியாக வெப்பத்தைச் செலுத்தி, அடுத்த கண்ணில் மற்றொரு கலத்தை வைக்கும் கொடியடுப்பு நம் நாட்டுப் பழம்பொருள். ஒருகண்ணில் மூட்டிய தீயின் வெம்மை மறுகண்ணுக்கு ஓடுதல், வெப்பக்காற்றின் இயக்கத்தை உணர்ந்தார் செய்த அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெப்பத்தோடு ஓடிய புகை இறுதியில் அறைக்குள்ளேயே வெளிப்பட்டது. கொடியடுப்பின் கடைசித் துளையினின்று கூரைக்கு வெளியே ஒரு குழாய் செல்லுமாயின் புகையற்ற அடுப்பு அமைந்துவிடும். எஞ்சிநின்றது அந்த ஒருபடியே.

ஊதாங்குழலும் இவ்வரலாற்றுக்கு ஒரு சான்று. புகைக்குழாய் அமைந்த அடுப்பில் மேலிழுப்பே காற்றைக் கொணர்ந்து தீயை வளர்க்கும். அவ்விழுப்பு இல்லாத அடுப்பில் தீ அவியுந்தோறும் ஒருவர் குனிந்து ஊதுதல் வேண்டும். அறைக்கு இல்லாத காற்றுவழியின் குறையை மாந்தர் மூச்சால் நிரப்பிய கருவி ஊதாங்குழல். 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்னும் பழிமொழி, அவ்வூதுதலைப் பெண்ணின் இயல்பாகவே கொண்டது. உண்மையில் அது பெண்ணின் இயல்பன்று, அடுப்பின் குறை. குழாயொன்று அமைத்திருப்பின் அம்மொழிக்கே இடம் இராது.

புகையில்லா அடுக்களை

அந்த ஒருபடி இருபதாம் நூற்றாண்டில் எடுத்துவைக்கப்பெற்றது. 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்திற்குத் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா (1892-1960) செயலாளராய் அமைந்தார். அச்சங்கத்தின் இருக்கையாகிய வார்தா மகன்வாடியில் 1940களில் மண்ணாலாய புகைபோக்கி அடுப்பு உருவாக்கப்பெற்றது. அஃது அவ்விடத்தின் பெயராலேயே வழங்கிற்று. ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த எஸ். பி. இராஜு, பல கண்களும் புகைக்குழாயும் காற்றை அடக்கும் தடுப்பும் கொண்ட மண்ணடுப்பை அமைத்தார். அதனை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1953இல் சென்னையில் கிறித்தவ இலக்கியச் சங்கத்தாரால் வெளியிடப்பெற்றது. பல்லாயிரம் ஆயிரவர்க்குப் புகையில்லா அடுக்களை என்பது அந்நூற்பெயரின் கருத்து.

இப்பெயரைப் புறநானூற்றோடு ஒப்பவைத்து நோக்குதல் வேண்டும். பெருந்தலைச் சாத்தனார் காலத்தில் புகையில்லா அட்டில் பசியைக் குறித்தது. 1953இல் புகையில்லா அடுக்களை நலத்தைக் குறித்தது. புகை ஒழிந்தும் உணவு அமையும் என்னும் எண்ணம் தோன்றிய பின்னரே இப்பொருள்மாற்றம் நிகழ்தல் கூடும். ஒரு தொடரின் பொருள் தலைகீழாயது மொழிவரலாற்றில் சிறிய செய்தியன்று. அதன்பின் நிற்பது மனைவாழ்வின் மாற்றம்.

ஆயினும் மாற்றம் எளிதில் முற்றுப்பெறவில்லை. இந்திய அரசு 1980களின் முற்பகுதியில் தொடங்கி 2002 வரை நடத்திய தேசியத் திட்டத்தின்வழி 3 கோடிக்கு மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் வழங்கப்பெற்றன. அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே பயனற்றுப்போயின. குழாயிற் படிந்த கரியை அகற்றாமையும், உடைந்த குழாயை மாற்றாமையும், கூரையைத் துளைத்தலால் மழைநீர் ஒழுகுதலும், ஊர்க்கலத்தின் அளவுக்கு அடுப்புக்கண் பொருந்தாமையும் காரணங்களாம். காற்றுவழி ஒருமுறை அமைத்துவிடும் பொருளன்று. நாளும் பேணப்பெற வேண்டிய பொருள் என்பது இத்திட்டம் கற்பித்த பாடம்.

புகையின் அளவை நேரில் அளந்த ஆய்வும் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் முதலியோர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 சிற்றூர் வீடுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகு முதலியவற்றால் சமைத்தோர் ஒருநாளில் மூச்சுடன் ஏற்ற நுண்துகளின் அளவு சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். தூய எரிபொருள் பயன்படுத்திய வீடுகளில் அது 82 மைக்ரோகிராம். உலகநல நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, மனையகத்துப் புகையால் உலகெங்கும் ஓராண்டில் உயிரிழந்தோர் சுமார் 32 இலட்சம் பேர். மாங்குடி கிழாரின் தலைவியைத் தலைவன் கண்ணால் கண்டான். இவ்வாய்வாளர் அவள் மூச்சினை அளந்தனர். செவிலியும் தலைவனும் கூறாது விட்ட பகுதி, நெடுங்காலம் கழிந்தபின் எண்ணாக எழுதப்பெற்றது எனலாம்.

2016 முதல் நடுவணரசின் திட்டத்தால் ஏழைக்குடும்பத்துப் பெண்டிர்க்கு எரிவாயு இணைப்பு வழங்கப்பெறுகின்றது. எனினும் உருளையின் விலை கருதி விறகடுப்பையும் உடன் வைத்திருப்போர் உளர். கூரைவீடு மறைந்து கற்காரைவீடு எழுந்த ஊர்களில், இடுக்கில்லாத தளத்தின்கீழ் விறகடுப்பு எரியுமாயின் பழைய ஓலைக்கூரை தந்த கசிவுவழியும் இல்லாதாகின்றது. கூதிர்க்காலத்துச் செந்தணலைப் பற்றி முன்னர்க் கூறியது விறகடுப்பிற்கும் ஒக்கும். ஆதலின் வீட்டைப் புதுக்குவோர், எரிபொருளை மாற்றும்வரையிலேனும், தாழ்ந்த இடத்தே காற்றுப்புகும் துளையும் தளத்தை ஒட்டிப் புகை வெளியேறும் வழியும் அமைத்தல் கடன்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: பழந்தமிழர் காற்றுவழி அமைக்கும் கலையை நன்கறிந்திருந்தனர், அவ்வறிவு மாடத்துக்கும் பள்ளியறைக்கும் பயன்பட்ட அளவு அட்டிலுக்குப் பயன்படவில்லை. புகை வளத்தின் குறியாகவும் கூரைக்கும் விதைக்கும் காவலாகவும் கருதப்பட்டமையால் அதன் கேடு பேசப்படவில்லை. கொடியடுப்பு புகைபோக்கி அடுப்பிற்கு மிக அணித்தாய் வந்தும் அதனை எய்தவில்லை. புலவர் உண்மையைப் பதிந்தனர். ஆயினும் அப்பதிவு காண்பார் கூற்றாகவே அமைந்தது.

இவற்றை மேலும் ஆராய்தற்கு இளைய ஆய்வாளர்க்கு வாய்ப்புகள் பல உள. அடுப்பு, அட்டில், அடுக்களை, மடைப்பள்ளி, புகைக்கூண்டு முதலிய சொற்களின் வழக்கை மாவட்டந்தோறும் தொகுத்தல் வேண்டும். இன்றும் எஞ்சியுள்ள பழைய சமையலறைகளை அவை இடிபடுமுன் அளந்து வரைதல் வேண்டும். அவற்றில் வாழ்நாள் முழுதும் சமைத்த முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உளர். இலக்கியத்தில் பேசாத அவர்கள் கேட்டால் பேசுவர். அவர்கள் கூற்றை எழுதிவைத்தபின்னர்க் குறுந்தொகையையும் நற்றிணையையும் சிலப்பதிகாரத்தையும் மீண்டும் எடுத்துப் படிப்போமாயின், அப்பாட்டுகளின் சுவை குன்றாது. புகையுண்ட அக்கண்களின் பொருள் மட்டும் நமக்கு முன்னினும் தெளிவாகப் புலப்படும்.